சிறுசொல்லின் ஆட்சி

ஆங்கிலம் பயில்வோர்க்கு இடர் விளைப்பவை நெடுஞ்சொற்களே என்று பலர் எண்ணுகின்றனர். ஆயினும் நெடுஞ்சொல் பெரும்பாலும் நேர்மையானது. 'எக்ஸ்டிங்குவிஷ்' என்னும் சொல்லை அகராதியில் ஒருமுறை பார்த்தால், அணைத்தல் என்ற பொருள் கிடைக்கும், ஐயம் தீரும். அப்பொருளையே அன்றாடப் பேச்சில் 'புட் அவுட்' என்பர். 'புட்' என்றால் வை. 'அவுட்' என்றால் வெளியே. இரண்டும் தொடக்க வகுப்பிலேயே படித்த சொற்கள். எனினும் 'புட் அவுட் த லாம்ப்' என்று ஒருவர் சொல்ல, நாம் விளக்கை எடுத்துச் சென்று திண்ணையில் வைத்துவிட்டு வந்தால், சொன்னவர் திகைத்துப் போவார். அவர் வேண்டியது விளக்கை அணைக்குமாறு!

இவ்வாறு ஓர் எளிய வினையும் அதனை அடுத்து வரும் ஒரு சிறுசொல்லும் இணைந்து, தனித்தனியே அவற்றுக்கு இல்லாத புதுப்பொருளைத் தருவதுண்டு. ஆங்கில இலக்கணத்தார் இதனை 'ஃப்ரேஸல் வெர்ப்' என்று வழங்குவர். நாம் இங்குக் கூட்டுவினை என்று குறிப்போம். பார்வைக்கு இரண்டு சொற்கள். பொருளில் ஒரே சொல். இவ்வொன்றை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வழி கடந்தவர் ஆவோம்.

நேயர்களின் இல்லத்தில் உள்ள வானொலிப் பெட்டியையே சான்றாகக் கொள்வோம். 'டர்ன் ஆன்' என்றால் அதனை இயக்குதல். 'டர்ன் ஆஃப்' என்றால் நிறுத்துதல். 'டர்ன் அப்' என்றால் ஒலியைக் கூட்டுதல். 'டர்ன் டவுன்' என்றால் குறைத்தல். குமிழைத் திருப்பும் செயல் இவை எல்லாவற்றிலும் உள்ளது; ஆதலால் பொருள் எளிதில் புலப்படுகிறது. ஆனால் ஒருவருடைய வேண்டுகோளை மேலதிகாரி 'டர்ன்ட் டவுன்' என்றால், ஒலி குறையவில்லை, வேண்டுகோள் மறுக்கப்பட்டது. எதிர்பாராத விருந்தினர் 'டர்ன்ட் அப்' என்றால், வந்து சேர்ந்தார் என்பது பொருள். வினை ஒன்றே. பொருளை ஆள்வது சூழலும் சிறுசொல்லுமே.

இத்தகைய வழக்கு ஆங்கிலத்தில் எவ்வாறு வேரூன்றிற்று? பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறுசொற்கள் பல வினைக்கு முன்னொட்டாக ஒட்டி நின்றன. 'ஓவர்டேக்', 'அப்ஹோல்ட்' முதலிய சொற்களில் அவ்வழக்கின் வடிவத்தை இன்றும் காணலாம். காலப்போக்கில் முன்னொட்டுகள் பல தேய்ந்தன. சிறுசொல் வினைக்குப் பின்னே வந்து நிற்கும் வழக்கம் பெருகிற்று. இதனிடையே 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அவர்களுடைய பிரெஞ்சு மொழியின் வழியாகவும், பின்னர்க் கல்வியாளர் வழியாக இலத்தீனிலிருந்தும் நெடுஞ்சொற்கள் வந்து குவிந்தன. ஆகவே ஒரே பொருளுக்கு இருவகைச் சொற்கள் நிலைத்தன. ஒத்திவைத்தலை அலுவலக மடலில் 'போஸ்ட்போன்' என்பர். வீட்டில் 'புட் ஆஃப்' என்பர். பொறுத்துக்கொள்ளுதலை ஏட்டில் 'டாலரேட்' என்பர். பேச்சில் 'புட் அப் வித்' என்பர்.

அயல்நாட்டார்க்கு இக்கூட்டுவினைகள் பெருந்தொல்லை தருபவை என்பதை, 1755-இல் வெளிவந்த தம் பேரகராதியின் முன்னுரையிலேயே சாமுவேல் ஜான்சன் சுட்டிக்காட்டினார். 'ஃப்ரேஸல் வெர்ப்' என்னும் பெயரோ 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூலினால்தான் பரவிற்று. பெயர் புதிது, தொல்லை பழையது.

நம் நாட்டில் ஆங்கிலத்தை நாம் பெரும்பாலும் ஏட்டின் வழியே கற்கிறோம். ஆதலால் நெடுஞ்சொல் நமக்குக் கைவருகிறது; வீட்டுச்சொல் வருவதில்லை. இக்குறை எங்கே உறுத்தும் என்றால், மனிதர் தம் துன்பத்தைச் சொல்லும் இடத்தில். இந்தியாவிலிருந்து சென்ற மருத்துவரும் செவிலியரும் பிரிட்டனின் மருத்துவமனைகளில் பல்லாண்டுகளாகப் பணி புரிந்து வருகின்றனர். அங்கே நோயாளி ஏட்டுச்சொல்லைத் தேடிப் பேசுவதில்லை. உண்டதை 'த்ரூ அப்' என்பார்; வாந்தி எடுத்தார் என்பது பொருள். வலி 'வேர்ஸ் ஆஃப்' என்றால் மெல்ல மெல்லத் தணிகிறது. வீக்கம் 'கோன் டவுன்' என்றால் வடிந்துவிட்டது. தந்தையார் 'பாஸ்ட் அவுட்' என்று மகன் கூறினால் அவர் மயங்கி விழுந்தார். 'பாஸ்ட் அவே' என்று கூறினால் அவர் காலமானார். ஒரு சிறுசொல்லின் வேற்றுமை, மயக்கத்துக்கும் மரணத்துக்கும் உள்ள வேற்றுமையாகிவிடுகிறது. கேட்பவர் அதனைத் தவற விடலாகாது.

இவ்வமைப்பு தமிழர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. 'விட்டுக்கொடு' என்னும் தொடரை எண்ணிப் பாருங்கள். அதில் விடுதலும் கொடுத்தலும் உள்ளன. ஆயினும் பொருள் இணங்கிப் போதல். ஆங்கிலத்தில் இது 'கிவ் இன்'. 'கைவிடு' என்பதற்கு 'கிவ் அப்'. 'காட்டிக்கொடு' என்னும்போது நாம் ஒன்றைக் காட்டிப் பின் கொடுப்பதாகக் கருதுகிறோமா? இல்லை, இரண்டகம் செய்தலையே கருதுகிறோம். 'கண்டுபிடி' என்னும்போது எவரையும் கையால் பிடிப்பதில்லை. தமிழ் கற்கும் ஆங்கிலேயர் இவற்றைச் சொல் சொல்லாகப் பிரித்தால் எவ்வளவு திகைப்பாரோ, அவ்வளவே நாமும் அவர் மொழியில் திகைக்கிறோம்.

சிறுசொற்களுக்குச் சில பொதுப்போக்குகளும் உண்டு. 'அப்' பல இடங்களில் நிறைவைக் காட்டும். 'ஈட் அப்' என்பது தின்று தீர்த்தல். 'டேர் அப்' என்பது துண்டு துண்டாகக் கிழித்துப்போடுதல். நம் மொழியில் 'தீர்', 'போடு', 'விடு' முதலிய துணைவினைகள் ஆற்றும் தொண்டினை அங்கே 'அப்' ஆற்றுகிறது. 'ஆன்' தொடர்ச்சியைக் காட்டும். 'கோ ஆன்', 'கேரி ஆன்' என்பன விடாது செய்துகொண்டிருத்தலைக் குறிக்கும். 'ஆஃப்' பிரிவைக் காட்டும். 'கட் ஆஃப்' என்பது துண்டித்தல், 'செட் ஆஃப்' என்பது பயணம் புறப்படுதல். இவை வழிகாட்டிகளே அன்றிச் சட்டங்கள் அல்ல. எனினும் முன்பின் அறியாத தொடரைக் கேட்கும்போது ஊகிப்பதற்குத் துணை செய்யும்.

அடுத்து, செயப்படுபொருளின் இடம். 'புட் ஆன் த கோட்' என்றாலும் 'புட் த கோட் ஆன்' என்றாலும் சட்டையை அணிதலே பொருள்; இரண்டும் சரி. ஆனால் கோட்டு என்னும் பெயரை நீக்கி 'இட்' என்று சொல்ல நேர்ந்தால், அது நடுவிலேதான் வரவேண்டும்: 'புட் இட் ஆன்'. 'புட் ஆன் இட்' என்பது பிழை. 'ஹிம்', 'தெம்' முதலிய மூவிடப்பெயர்களுக்கும் இவ்விதியே. எல்லாக் கூட்டுவினைகளும் இவ்வாறு இடம் விடுவதில்லை. 'லுக் ஆஃப்டர்' என்பது பேணுதல்; இதில் வினையையும் சிறுசொல்லையும் பிரித்தலாகாது. 'லுக் ஆஃப்டர் ஹர்' என்றே கூறவேண்டும். ஆகவே ஒரு கூட்டுவினையைக் கற்கும்போதே அது பிரியுமா, பிரியாதா என்பதையும் சேர்த்துக் கற்றல் நலம்.

சிறுசொல் இடம் மாறினால் விளைவு யாது? கணக்கு ஏட்டை நன்கு பார்வையிட்ட எழுத்தர், தாம் அதனை 'லுக்ட் ஓவர்' என்று எழுதவேண்டும். 'ஓவர்லுக்ட்' என்று எழுதிவிட்டால், கவனியாது விட்டுவிட்டேன் என்று தாமே ஒப்புக்கொண்டதாக முடியும். 'செட் அப்' என்றால் நிறுவுதல். 'அப்செட்' என்றால் குலைத்தல். நிறுவியவரைக் குலைத்தவராக்க ஓர் இடமாற்றம் போதும்.

இனிப் பெயரடைகளைக் காண்போம். கூட்டுவினையே பெயரடையாகவும் மாறுவது ஆங்கிலத்தின் இயல்பு. 'வேர் அவுட்' என்பது தேய்ந்து பழுதாதல்; தேய்ந்துபோன செருப்பு 'வோர்ன்-அவுட்' செருப்பு. களைத்துச் சோர்ந்த மனிதரையும் அச்சொல்லாலேயே குறிப்பர். புனைந்த கதை 'மேட்-அப்' கதை. வழியில் பழுதாகி நின்ற பேருந்து 'ப்ரோக்கன்-டவுன்' பேருந்து. பெயருக்கு முன் வரும்போது இவற்றை இணைகோடு இட்டு எழுதுவது வழக்கம். ஒலியிலும் ஒரு நுட்பம் உண்டு. 'ப்ரேக் டவுன்' வினையாக வரும்போது அழுத்தம் 'டவுன்' மீது விழும். 'ப்ரேக்டவுன்' என்று பெயராக வரும்போது அழுத்தம் முதற்பகுதிக்கு மாறும். செவியைத் தீட்டிக்கொண்டால் இவ்வேறுபாடு தெளிவாகும்.

நம்மவர் மிகுதியாக இடறும் இடம் வேறொன்று. 'போரிங்', 'போர்ட்' என்னும் இரண்டு பெயரடைகளைக் கருதுவோம். முன்னது சலிப்பூட்டுவது, பின்னது சலிப்புற்றது. நீண்ட கூட்டத்தில் அமர்ந்து அலுத்துப்போனவர் 'ஐ ஆம் போர்ட்' என்னவேண்டும். அவர் 'ஐ ஆம் போரிங்' என்றாரானால், நான் பிறரை அலுக்கச் செய்பவன் என்று தம்மைத் தாமே இகழ்ந்துகொள்கிறார். 'இன்ட்ரஸ்டிங்', 'இன்ட்ரஸ்டட்' என்பனவும் அவ்வாறே. வேலை நாடி எழுதுபவர் தமக்கு அப்பணியில் ஆர்வம் உண்டு என்பதற்கு 'இன்ட்ரஸ்டட்' என்று எழுதவேண்டும். இத்தவறு ஏன் நேர்கிறது? தமிழில் 'எனக்குச் சலிப்பாக இருக்கிறது' என்கிறோம். 'பேச்சு சலிப்பாக இருக்கிறது' என்றும் சொல்கிறோம். சலிப்பு என்னும் சொல் இரண்டிடத்தும் மாறுவதில்லை. 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமையே வேறுபாட்டைத் தாங்குகிறது. ஆங்கிலத்தில் அச்சுமையைப் பெயரடையின் ஈறு தாங்குகிறது. காரணத்தைக் குறிப்பது 'இங்'. உணர்ச்சியுற்றவரைக் குறிப்பது 'எட்'.

பெயரடைக்குப் பின்னும் சிறுசொல்லின் ஆட்சி தொடர்கிறது. கணக்கில் வல்லவர் 'குட் அட்'. பாம்புக்கு அஞ்சுபவர் 'அஃப்ரெய்ட் ஆவ்'. மற்றவரிடம் சினம் கொண்டவர் 'ஆங்க்ரி வித்'. சில பெயரடைகள் பெயருக்கு முன்னே வர உடன்படா. குழந்தை 'அஸ்லீப்' என்று சொல்லலாம். தூங்கும் குழந்தையை 'அஸ்லீப் சைல்ட்' என்னலாகாது, 'ஸ்லீப்பிங் சைல்ட்' என்றே கூறவேண்டும்.

வேண்டாத இடத்தில் சிறுசொல்லைச் சேர்ப்பதும் இந்திய ஆங்கிலத்தில் பரவிய வழக்கம். ஈடுகொடுத்தலுக்கு 'கோப் வித்' போதும். 'கோப் அப் வித்' என்னும் நம் வழக்கில் 'அப்' மிகை. 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின் 'அபவுட்' வேண்டுவதில்லை. கல்லூரிப் படிப்பை முடித்தலை இங்கு 'பாஸ் அவுட்' என்கிறோம். நம்முள் அது விளங்கும். ஆனால் மயங்கி விழுதல் என்னும் பொருளையே முதலில் நினைக்கும் அயல்நாட்டார் முன் 'க்ராஜுவேட்' என்னும் சொல்லை ஆள்வதே தக்கது.

இவற்றைக் கற்கும் முறை யாது? நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்வதால் பயன் சிறிது. ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் இரண்டு அல்லது மூன்று கூட்டுவினைகளை, வினையை மட்டுமன்றி முழு வாக்கியமாக எழுதுக. வாக்கியம் உங்கள் வீட்டையோ தொழிலையோ பற்றியதாக இருக்கட்டும். அருகில் தமிழ்ப் பொருளை எழுதும்போது, சொல்லுக்குச் சொல் எழுதாது, அச்சூழலில் நாம் இயல்பாக என்ன சொல்வோமோ அதனையே எழுதுக. பயில்வோர்க்கெனவே தொகுக்கப்பட்ட அகராதிகளும் துணை புரியும். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்த அத்தகைய அகராதி 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வெளிவந்தது. அவ்வகை நூல்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் வினையின் முதற்பொருளோடு நின்றுவிடாது, கீழே சிறுசொற்களோடு வரும் பகுதி வரை படியுங்கள். அன்றாட ஆங்கிலத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.