விற்ற பின்னும் முடியாத விற்பனை

புணே நகரில் ஆளந்தி சாலையை ஒட்டி அமைந்துள்ள விஷ்ராந்த்வாடியிலிருந்து எரவாடா வழியாகச் சென்றால் சசூன் பொது மருத்துவமனை, ரூபி ஹால், ஜஹாங்கீர் ஆகியவை அதிகத் தொலைவில் இல்லை. மருத்துவக் கருவி விற்பனைப் பிரதிநிதியாகப் பல்லாண்டு உழைத்த ஒருவர், சொந்தமாக விநியோக முகமை தொடங்க இத்தகைய பகுதியில் ஓர் அறையை வாடகைக்கு எடுப்பது இயல்பே. மருத்துவர்களின் அறிமுகமும் கருவிகளைப் பற்றிய அறிவும் அவரிடம் உண்டு. ஆயினும், விற்ற பொருளுக்குப் பணம் எப்போது வரும் என்ற கணக்கே பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. அதனை இங்கு விளக்க விழைகிறோம்.

முதலில் உரிமம். மருத்துவக் கருவிகள் விதிகள், 2017-இன்படி, மருந்து விற்பனை உரிமம் இல்லாதோர் மாநில உரிம அதிகாரியிடம் படிவம் எம்.டி.-42 பதிவுச் சான்றிதழ் பெற வேண்டும். கடன் விண்ணப்பத்துடன் இதன் நகலையும் இணைத்தல் நலம்.

அடுத்தது சரக்கு. இதய ஸ்டென்ட்டுகள் பல விட்டங்களிலும் நீளங்களிலும் வருகின்றன. நோயாளிக்கு எந்த அளவு பொருந்தும் என்பது சிகிச்சையின்போதே உறுதியாகும். ஆகவே எல்லா அளவுகளும் மருத்துவமனையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். பயன்படுத்தியவற்றுக்கு மட்டுமே பில் போடப்படும். இதனைக் கன்சைன்மென்ட் சரக்கு என்பர். முகவரின் முதலீடு பிறர் அலமாரியில் இருக்கிறது. காலாவதித் தேதியும் நெருங்கிக்கொண்டிருக்கிறது.

பில் போட்ட பின்னும் காத்திருப்பு தொடர்கிறது. காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்தும் அரசுத் திட்டங்களிலிருந்தும் பணம் வந்த பின்னரே பல மருத்துவமனைகள் முகவருக்குக் கொடுக்கின்றன. ஆனால் மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்வோர், பில் போட்ட மாதத்திற்குரிய ஜி.எஸ்.டி.யை மறுமாதம் 20-ஆம் தேதிக்குள் செலுத்தியாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 10 லட்சம் ரூபாய்க்கான பில்லில் இலாபம் 8 விழுக்காடு, அதாவது 80,000 ரூபாய் எனக் கொள்வோம். பணம் 150 நாள் கழித்து வந்தால், 10 விழுக்காடு ஆண்டு வட்டியில் ஏறத்தாழ 41,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். இலாபத்தில் பாதி கரைந்துவிடுகிறது. விலையை உயர்த்தி ஈடுகட்டவும் எப்போதும் இயலாது. ஸ்டென்ட்டுகளுக்கு 2017 பிப்ரவரி முதல் அரசு உச்ச விலை நிர்ணயித்துள்ளது.

சிறு தொழில்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் உள்ளதே எனச் சிலர் வினவுகின்றனர். 2006-ஆம் ஆண்டின் அச்சட்டம் உற்பத்தியாளருக்கும் சேவை வழங்குவோருக்கும் அப்பாதுகாப்பை அளிக்கிறது. மொத்த, சில்லறை வணிகர்கள் உத்யம் பதிவு பெற 2021 ஜூலை 2 அன்று அனுமதிக்கப்பட்டனர். எனினும் அதன் பயன் முன்னுரிமைத் துறைக் கடனோடு நின்றுவிடுகிறது. வாங்கி விற்கும் முகவர் 45 நாள் விதியை நம்பித் திட்டமிடலாகாது.

எனவே தற்காப்பை முகவரே அமைத்துக்கொள்ள வேண்டும்:

1. பணம் செலுத்தும் காலக்கெடுவைக் கொள்முதல் ஆணையிலேயே எழுத்தில் பெறுக.

2. கன்சைன்மென்ட் சரக்கை டெலிவரி சலான் மூலம் மட்டும் அனுப்புக. மாதம் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்து, மருத்துவமனை ஸ்டோர் பொறுப்பாளரின் கையொப்பம் பெறுக. ஒப்புதலின் பேரில் அனுப்பிய பொருளுக்கு, அது விற்காவிடினும், அனுப்பிய 6 மாதத்திற்குள் பில் போட வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. விதி.

3. வரவேண்டிய தொகைகளை 30, 60, 90 நாள் எனப் பிரித்துப் பட்டியலிடுக. 90 நாளைக் கடந்த நிலுவையை நடைமுறை மூலதனக் கடனுக்குரிய கணக்கில் வங்கிகள் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

4. ஒரே மருத்துவமனையை நம்பி முழு வணிகத்தையும் அமைக்க வேண்டாம்.

5. சரக்குக் காப்பீட்டில், மருத்துவமனையில் வைக்கப்பட்ட சரக்கும் அடங்குமாறு பார்த்துக்கொள்க.

வேலையை விடுமுன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளைக்கு வாருங்கள். மாத விற்பனை 10 லட்சம், பணம் வர 4 மாதம் எனில், நிலுவையில் மட்டும் 40 லட்சம் ரூபாய் முடங்கும். அத்தொகையில் எவ்வளவு உங்கள் சேமிப்பு, எவ்வளவு கடன் என்பதைத் தொடங்குமுன் சேர்ந்து தீர்மானிப்போம். தொடங்கிய பின் அதற்கு அவகாசம் குறைவு.