நகராத வீடும் நகராட்சி விதியும்

அமெரிக்காவில் சில தொழிற்சாலைகள் ஒரே கூரையின் கீழ் இரண்டு வகை வீடுகளைச் செய்கின்றன. இரண்டுக்கும் மரச்சட்டங்கள் ஒன்றே, சுவர்ப் பலகைகள் ஒன்றே, வேலை செய்யும் கைகளும் ஒன்றே. முதல் வகை, மாநிலத்தின் கட்டட விதிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்டு, பகுதி பகுதியாக லாரியில் ஏறி, மனையில் தயாராக இருக்கும் அடித்தளத்தின் மேல் இறக்கி வைக்கப்படும். இதை மாடுலர் வீடு என்கிறார்கள். இரண்டாவது வகை மத்திய அரசின் விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படுவது. அதன் அடியில் நிரந்தரமான இரும்புச் சட்டகம் இருக்கும். அதில் மாட்டிய சக்கரங்களில் உருண்டே அது மனைக்கு வந்து சேரும். மக்கள் இன்றும் மொபைல் ஹோம் என்று அழைப்பது இதைத்தான். மாடுலர் வீட்டைப் பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் தடையின்றி வைக்கலாம். அதே தெருவில், சொந்தமாக வாங்கிய மனையில், மொபைல் ஹோமை வைக்க விரும்பினால் பல ஊர்களின் மண்டல விதிகள் குறுக்கே நிற்கின்றன. ஒரு வீடு மனையில் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று பார்க்காமல், அது எங்கே செய்யப்பட்டது, எப்படி வந்து சேர்ந்தது என்று பார்த்து ஒதுக்கும் இந்த விதிகள் தவறானவை என்று உறுதியாக நினைக்கிறேன். அந்தத் தவறின் விலையைக் கொடுப்பவர்கள், சொந்த வீட்டுக்காக வாழ்நாளெல்லாம் சேமிக்கும் எளிய குடும்பங்கள்.

மண்டல விதி என்பது ஊரின் நிலத்தைக் கூறுகளாகப் பிரித்து, இங்கே தனிவீடு, அங்கே கடை, அதற்கப்பால் ஆலை என்று வரையறுக்கும் உள்ளாட்சிச் சட்டம். ஒஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில், 1926-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த அதிகாரம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. தனிவீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தை அந்தத் தீர்ப்பு ஒட்டுண்ணி என்றே வர்ணித்தது. புகையும் இரைச்சலும் வீட்டு வாசலுக்கு வராமல் தடுக்க வேண்டும் என்ற நியாயமான நோக்கத்தோடு, எளியவர்கள் வாழும் வீட்டு வகைகளைத் தள்ளி வைக்கும் எண்ணமும் தொடக்கத்திலேயே கலந்துவிட்டது. 1930-களின் பொருளாதார மந்தத்தின்போது, காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களில் குடும்பங்கள் தங்கத் தொடங்கின. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுத ஆலைத் தொழிலாளர்களைத் தங்க வைக்க அரசே டிரெய்லர்களை வாங்கியது. 1950-களின் நடுவில் விஸ்கான்சின் மாநிலத்துத் தயாரிப்பாளர் எல்மர் ஃப்ரே பத்தடி அகலமுள்ள வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். எட்டடி அகல டிரெய்லரைக் குடும்பக் காரே இழுத்துவிடும். பத்தடியை நெடுஞ்சாலையில் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும். அப்போதே அது பயண வண்டி என்ற நிலையிலிருந்து வீடாகிவிட்டது. ஆனால் ஊராட்சிகளின் சட்டப் புத்தகங்கள் அதை டிரெய்லராகவே பார்த்தன. நெடுஞ்சாலை ஓரத்திலும் தண்டவாளத்தை ஒட்டியும் ஆலைப் பகுதியிலும் 'பார்க்' என்று ஒதுக்கிய இடங்களுக்கு வெளியே அதை நிறுத்தக் கூடாது என்றன.

இந்த மனப்போக்கு எவ்வளவு தூரம் போனது என்பதற்கு நியூ ஜெர்சி மாநிலத்தின் கதை சான்று. அங்கே குளஸ்டர் என்ற ஊர், தன் எல்லைக்குள் எங்குமே டிரெய்லர் குடியிருப்பு கூடாது என்று விதித்தது. 1962-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. நீதிபதி ஃப்ரெடெரிக் ஹால் மாறுபட்டு, விரிவான எதிர்த் தீர்ப்பை எழுதினார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, மவுண்ட் லாரல் என்ற ஊரின் வழக்கு அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அடுக்குமாடி, வரிசை வீடு, மொபைல் ஹோம் ஆகியவற்றுக்கு இடமே தராத விதி அந்த ஊருடையது. வளரும் ஊர் ஒவ்வொன்றும், தன் வட்டாரத்தின் ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு வேண்டிய வீடுகளில் நியாயமான பங்குக்கு இடம் தர வேண்டும் என்று 1975-இல் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் அதே ஹால். 1983-இல் வந்த இரண்டாவது மவுண்ட் லாரல் தீர்ப்பு, 1962-இன் முடிவை வெளிப்படையாகவே ரத்து செய்தது. இதற்கிடையே 1981-இல் மிச்சிகன் உச்ச நீதிமன்றம், மொபைல் ஹோம் என்ற ஒரே காரணத்துக்காக அதைப் பார்க்குக்கு வெளியே எங்கும் வைக்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. ஒரு குறிப்பிட்ட வீடு தரமற்றது என்று ஊர் நிரூபித்தால் தடுக்கலாம். பெயரைப் பார்த்தே தடுக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

எல்லா மாநிலங்களும் இந்த வழியில் வரவில்லை. தரம் பற்றிய கேள்விக்கு மத்திய அரசு என்றோ விடை சொல்லிவிட்டது என்பதால் இது இன்னும் வருந்தத்தக்கது. 1974-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 1976 ஜூன் 15 முதல், தொழிற்சாலையில் செய்யும் இத்தகைய வீடுகள் அனைத்தும் வீட்டுவசதித் துறையின் விதிகளுக்கு உட்பட வேண்டும் என்று ஆயிற்று. தீத்தடுப்பு, மின்கம்பி, குழாய், காற்றழுத்தம் தாங்கும் வலு எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொரு பகுதியின் வெளிச்சுவரிலும் இரண்டு அங்குலத்துக்கு நான்கு அங்குலம் அளவில் சிவப்பு உலோகத் தகடு ஒன்று ஆணியடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். சமையலறை அலமாரிக்குள்ளோ மின்பெட்டி அருகிலோ ஒட்டியிருக்கும் தாளில், அந்த வீடு எந்தக் காற்று மண்டலத்துக்காகச் செய்யப்பட்டது என்று வரைபடத்தோடு எழுதியிருக்கும். செங்கல்லும் மரமும் கொண்டு மனையிலேயே கட்டும் வீட்டுக்கு இப்படியொரு அடையாளச் சீட்டு கிடையாது. கட்டுமானத் தரத்தில் ஊராட்சிகள் தங்கள் சொந்த விதியைப் புகுத்தக் கூடாது என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் வீட்டை எங்கே வைக்கலாம் என்ற முடிவும், தோற்றம் பற்றிய முடிவும் ஊராட்சியின் கையிலேயே நின்றன. அந்த வாசல் வழியாகப் பழைய தடைகள் வேறு உடையில் திரும்பி வந்தன.

ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்பால்டிங் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் மொபைல் ஹோம் வைக்க வேண்டுமானால், அதன் கூரை, பன்னிரண்டு அங்குலக் கிடை நீளத்துக்கு நான்கு அங்குலம் உயர வேண்டும் என்று அந்த மாவட்டம் விதித்தது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் சக்கரத்தில் வரும் வீடு பாலங்களுக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். அதனால் அதன் கூரை வழக்கமாகத் தாழ்வாகவே இருக்கும். மடித்து வைத்து, மனையில் நிமிர்த்தும் கூரை செய்யலாம்தான், செலவு கூடும். அப்படியானால் கூரையின் அந்தச் சில அங்குல வித்தியாசமே ஒரு வகை வீட்டை மொத்தமாக வெளியே நிறுத்தப் போதும். கீழ் நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. 1998-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், அழகியல் காரணமே போதும் என்று சொல்லி அதை நிலைநிறுத்தியது. அதே ஜார்ஜியாவில் மாநில உச்ச நீதிமன்றம் 1990-இல், பார்க்குக்கு வெளியே தடை என்ற விதியைத் தள்ளுபடி செய்திருந்தது. 2003-இல் தன் முடிவையே மாற்றிக்கொண்டது.

இப்படித் தள்ளப்பட்டவர்கள் போய்ச் சேரும் இடம் பார்க். திருவரங்கத்து அடிமனைப் பிரச்சினையை அறிந்தவர்களுக்கு அங்குள்ள நிலைமை உடனே விளங்கும்: வீடு குடியிருப்பவருடையது, அது நிற்கும் மண் வேறொருவருடையது. அமெரிக்கப் பார்க்கில் மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒரு வணிகர். அண்மைக் காலமாகப் பல இடங்களில் பெரிய முதலீட்டு நிறுவனம். மனை வாடகையை ஏற்றினால் குடியிருப்பவர் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்று தோன்றும். அது நடப்பதில்லை. கலிஃபோர்னியாவின் எஸ்கண்டிடோ நகர் தொடர்பான 1992 வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, இவ்வீடுகளில் நூற்றில் ஏறக்குறைய ஒன்றுதான் மறுபடி நகர்த்தப்படுகிறது என்று குறிப்பிட்டது. நகர்த்தும் செலவு பல ஆயிரம் டாலர்; பழைய வீட்டை ஏற்க வேறு பார்க்குகளும் மறுக்கும். ஆகவே குடும்பம் ஏறிய வாடகையைக் கொடுக்கிறது, அல்லது வீட்டை மலிவாக விற்றுவிட்டு வெளியேறுகிறது. நிலம் சொந்தமில்லாத வீட்டுக்கு வங்கியின் வீட்டுக் கடனும் எளிதில் கிடைப்பதில்லை. கார் போன்ற அசையும் சொத்துக்குத் தரும் கடன்தான், வட்டியும் அதிகம். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரிடித் என்ற ஊரில், 1984-இல் குடியிருப்பவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் பார்க்கை வாங்கினார்கள்; பின்னர் அந்த முறை பல மாநிலங்களுக்குப் பரவியது. மிக நல்ல வழி, ஆனால் எல்லாருக்கும் வாய்க்காத வழி. ஏறத்தாழ 2 கோடிப் பேர் வாழும் வீட்டு வகை இது. அவர்களில் சொந்த மனை வாங்க வசதி உள்ளவரைக்கூடப் பார்க்குக்குத் துரத்துவது மண்டல விதி செய்யும் நேரடித் தீங்கு.

எதிர்வாதங்களில் முதலாவதும் கனமானதும் பாதுகாப்பு. சுழற்காற்று அடிக்கும்போது வீட்டுக்குள் இருந்து உயிரிழக்கும் அமெரிக்கர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மொபைல் ஹோமில் இருந்தவர்கள். மொத்த வீடுகளில் இவற்றின் பங்கோ சிறியது. இதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் காரணத்தைப் பார்க்க வேண்டும். 1992-இல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவில் இவ்வீடுகளைச் சிதறடித்தது. அதற்குப் பிறகு 1994-இல், புயல் மண்டலங்களுக்கான காற்று விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2004-இல் சார்லி புயல் அதே மாநிலத்தைத் தாக்கியபோது, புதிய விதிப்படி செய்த வீடுகள் பழையவற்றைவிட வெகு நன்றாகத் தாக்குப்பிடித்தன. உயிரைக் காப்பது நிலத்தோடு உள்ள பிடிப்பு: அடித்தளம், தரையில் ஆழமாக இறங்கிய நங்கூரம், இரும்புப் பட்டை. இவற்றைக் கட்டாயமாக்கவும் நேரில் வந்து சோதிக்கவும் ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்பில் உண்மையான அக்கறை இருந்தால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். 1976-க்கு முந்தைய பழைய வீடுகளைக் குடியிருப்புத் தெருவுக்குள் விடக் கூடாது என்றாலும் அதில் நியாயம் உண்டு. ஆபத்தானது என்று சொல்லிவிட்டு, அதே வீட்டை ஊருக்கு வெளியே நெருக்கமாக அடுக்கி வைப்பதால் யாருடைய உயிரும் காக்கப்படுவதில்லை.

அடுத்தது சொத்து மதிப்பு. பக்கத்து வீட்டுக்காரரின் அச்சம் பொய்யல்ல. பலருக்கு வாழ்நாள் சேமிப்பே அந்த வீடுதான். ஆனால் மொபைல் ஹோம் வாங்கிய நாளிலிருந்து காரைப்போல விலை இறங்கும் என்ற நம்பிக்கை, பெரும்பாலும் நிலமில்லாத வீடுகளைப் பார்த்துப் பிறந்தது. விலை ஏறுவது முக்கியமாக மண்ணுக்குத்தான். மனையோடு சேர்த்து முறையான வீட்டுக் கடனில் வாங்கிய இவ்வகை வீடுகளுக்கென, வீட்டுக் கடன் துறையைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு 2018-இல் விலைக் குறியீடு ஒன்றை வெளியிடத் தொடங்கியது. அவற்றின் விலை, மற்ற வீடுகளின் விலையோடு ஏறக்குறைய இணையாகவே ஏறி வந்திருப்பது அதில் தெரிந்தது. வரி கட்டாமல் பள்ளிகளுக்குச் சுமையாவார்கள் என்ற குறையும் இங்கேயே தீர்கிறது: நிரந்தர அடித்தளத்தில் ஏறி, நிலத்தோடு சேர்ந்த அசையாச் சொத்தாகப் பதிவான வீடு, அண்டை வீட்டைப் போலவே சொத்து வரி கட்டும்.

தோற்றம் பற்றி ஊருக்கு உரிமையே இல்லை என்று சொல்லவில்லை. சாலையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, சக்கரத்தையும் இழுவைக் கம்பியையும் அகற்றுவது, அடிப்பகுதியைச் சுவர் வைத்து மறைப்பது, இவையெல்லாம் நியாயமான நிபந்தனைகள். தெருவிலுள்ள எல்லா வீட்டுக்கும் பொருந்தும் கூரை விதி என்றால் அதுவும் சரிதான். ஒரு வகை வீட்டைக் குறிவைத்து மட்டும் எழுதும்போதுதான் அது தடையாகிறது. கலிஃபோர்னியா 1980-இல் இயற்றிய சட்டம், நிரந்தர அடித்தளத்தில் வைக்கும் இத்தகைய வீட்டைத் தனிவீட்டு மனைகளில் அனுமதிக்க வேண்டும் என்றது. வடிவமைப்பு நிபந்தனைகளைக் கூரை நீட்சி, கூரைப் பொருள், வெளிச்சுவர்ப் பொருள் என்ற மூன்றோடு நிறுத்தியது. வாஷிங்டன் மாநிலம் 2005 முதல் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆரிகன் 2022-இல், தனிவீட்டுக்கு இல்லாத எந்த நிபந்தனையையும் இவ்வீட்டுக்கு விதிக்கக் கூடாது என்றது. அங்கெல்லாம் வீட்டுப் பஞ்சம் தீர்ந்துவிடவில்லை. மனை விலை எட்டாத உயரத்தில் உள்ள நகரங்களில், வீட்டின் விலை குறைவதால் கிடைக்கும் பயனும் குறைவுதான். சிற்றூர்களிலும் நகரங்களின் விளிம்பிலும் நிலைமை வேறு: புதிய மொபைல் ஹோமின் சராசரி விலை, மனை நீங்கலாக, 2022-இல் சுமார் 1.27 லட்சம் டாலர். சதுர அடிக் கணக்கில் அது மனையில் கட்டும் வீட்டின் செலவில் பாதியளவே.

அமெரிக்கப் புறநகர்களில் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். ஊராட்சியின் மண்டல விதித் திருத்தக் கூட்டங்களில் அவர்களும் பேசலாம், எழுதிக் கொடுக்கலாம். உங்கள் தெருவில் இத்தகைய வீடு ஒன்றுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், எதிர்ப்பு மனுவில் கையெழுத்திடும் முன் அதன் அடித்தள வரைபடத்தையும் நங்கூர விவரத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அவை சரியாக இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு ஆதரவாக எழுந்து பேசுங்கள்.