முள்ளால் தைத்த பெருமை

பெருஞ்சமவெளி மக்கள் – 6

வட அமெரிக்கச் சமவெளியின் குதிரைவீரர்களாகவே உலகம் அறிந்திருக்கும் ஷையன் மக்கள், தம்மைத் ‘த்ஸித்ஸிஸ்தாஸ்’ என்று அழைத்துக்கொண்டனர். அல்கோன்கியக் குடும்ப மொழியைப் பேசிய இவர்கள், இன்றைய மின்னசோட்டா, வடக்கு டகோட்டா பகுதிகளில் மண்வீடு கட்டி மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்தவர்கள். 18-ஆம் நூற்றாண்டில் குதிரை கைக்கு வந்த பிறகே, பைசன் எனப்படும் காட்டெருமை மந்தைகளைப் பின்தொடரும் நாடோடி வாழ்வில் முழுமையாக இறங்கினர்.

இவர்களுடைய போர்களைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். ஆனால் வீரன் திரும்பிவந்து படுத்த கூடாரம் யாருடையது என்று கேட்டவர்கள் குறைவு. டீப்பி என்னும் அக்கூம்புக் கூடாரம் பெண்ணின் உடைமை. தோலைப் பதப்படுத்தியவளும், தைத்தவளும், முகாம் மாறும்போது பிரித்து மீண்டும் நிறுத்தியவளும் அவளே. மணமான ஆண் பொதுவாக மனைவியின் தாய்வீட்டாருக்கு அருகிலேயே குடியேறினான்; எனினும், மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளாதிருப்பதே அங்கு மரியாதை எனக் கருதப்பட்டது.

ஒரு கூடாரத்துக்கு, அதன் அளவைப் பொறுத்து, ஏறத்தாழ 11 முதல் 21 தோல்கள் வரை தேவைப்பட்டன. தோலைத் தரையில் முளையடித்து விரித்து, ஒட்டியிருந்த சதையை எலும்புக் கருவியால் சுரண்டி, மான்கொம்புப் பிடியுள்ள செதுக்கியால் மெல்லியதாக்கி, விலங்கின் மூளையும் கொழுப்பும் கலந்த கலவையைத் தேய்த்து மிருதுவாக்குவது நாட்கணக்கில் நீளும் உழைப்பு. அடுப்புப் புகை ஏறி ஏறி நனைந்தாலும் விறைக்காத பதத்தை அடைந்துவிடும் பழைய கூடாரத்தின் மேற்பகுதியை அவர்கள் வீணாக்காமல், காலணி செய்ய வெட்டி எடுத்துக்கொண்டனர். புகைத்துளையை ஒட்டிய பகுதியை இன்முகம் கொண்ட பெண்ணே செய்ய வேண்டும், சிடுசிடுப்பானவள் கைபட்டால் கூடாரத்துக்குள் எந்நேரமும் புகை மண்டும் என்ற நம்பிக்கையும் இருந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக மதிக்கப்பட்டது முள்வேலை. முள்ளம்பன்றியின் முட்களுக்குச் சாயமேற்றி, வாயில் ஊறவைத்து, பல்லிடுக்கில் இழுத்துத் தட்டையாக்கி, தசைநார் இழையால் தோலின்மேல் கோலமாகத் தைக்கும் இக்கலைக்கென்றே பெண்களின் சங்கம் ஒன்று இருந்தது. நேர்த்திக்கடனாக ஒரு போர்வையையோ கூடாரத்தையோ அலங்கரிக்க நேர்ந்துகொண்ட பெண், மூத்த உறுப்பினரிடம் முறைப்படி கற்று அப்பணியைத் தொடங்கினாள். சங்கத்தார் கூடும்போது, வீரர்கள் தம் போர்ச்செயல்களை எண்ணிச் சொல்வது போலவே, பெண்கள் தாம் முடித்த வேலைகளை எண்ணிச் சொன்னார்கள்.

இந்த ஒப்புமை வெறும் உவமையன்று. 1923-இல் ஷையன் வாழ்வைப் பற்றி இரு தொகுதிகள் வெளியிட்ட ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் பதிவுசெய்துள்ளபடி, கோலத்தில் பிழை நேர்ந்து தையலைப் பிரிக்க வேண்டியிருந்தால், பெண்கள் தாமாக அதைத் தொடமாட்டார்கள். பகைவனின் தலைத்தோலை உரித்த வீரன் ஒருவன் அழைக்கப்பட்டு, அச்செயலை வாய்விட்டுச் சொல்லி, அவ்வாறே வெட்டுவதாகக் கூறித் தையலை அறுப்பான். ஒரு சமூகம் ஊசிவேலையைப் போருக்கு நிகராக வைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வணிகர் கொண்டுவந்த கண்ணாடிப் பாசிமணிகள் பெருமளவில் முட்களின் இடத்தைப் பிடித்தன. 1880-களில் பைசன் மந்தைகள் அழிந்தபின் தோல் கூடாரத்தின் இடத்துக்குக் கித்தான் வந்தது. ஷையன் மக்கள் இன்று மான்டனாவிலும் ஓக்லஹோமாவிலும் வாழ்கின்றனர். பாசிமணி வேலை அவர்களிடையே இன்னும் நின்றுவிடவில்லை.

(அடுத்த இதழில்: நாற்பத்து நால்வர் அவை)