கடைசி ஆளின் நடை

அஸ்தம்பட்டியில் இருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் போய், 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றினால் ஏற்காடு. காரில் போனால் ஒரு மணி நேரச் சங்கதி. சேலம் நகரம் கடல்மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். இடையில் உள்ள 1,200 மீட்டரையும் வண்டியே ஏறிவிடுவதால், சேலத்துக்காரர்களுக்குச் சேர்வராயன் மலை ஒரு சாலையாகவே பழகிப்போய்விட்டது. அலுவலக நண்பர்களோ தெருக்காரர்களோ பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, முறையாக அனுமதி வாங்கி, 'இந்தத் தடவை ட்ரெக்கிங்' என்று கிளம்பும்போதும் மனக்கணக்கு வண்டிக் கணக்காகவே இருக்கிறது. எத்தனை மணிக்கு உச்சிக்குப் போவோம், சாப்பாடு எங்கே என்றெல்லாம் முன்கூட்டியே பேசுகிறார்கள். நம்மில் யார் மெதுவாக நடப்பவர் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. முதல் நாள் மலையேற்றத்தின் தூரம், நேரம், ஓய்வு எல்லாவற்றையும் அந்த ஒருவரை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்பேன். இது இரக்கத்துக்காகச் சொல்வதல்ல, கணக்கே அப்படித்தான் வருகிறது.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு ஒன்றை மலை நடைக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். சமதளத்தில் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆறு கிலோமீட்டர் நீளத்தில் ஆயிரம் மீட்டர் ஏறும் பாதை என்று வைத்துக்கொண்டால், தூரத்துக்கு 1 மணி 12 நிமிடம், உயரத்துக்கு 1 மணி 40 நிமிடம், ஆக மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் இது நடந்து பழகியவர்களுக்கான கணக்கு, அதுவும் ஓய்வைச் சேர்க்காமல். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற உடம்புக்கு, நம் ஊர் வெயிலில், இதை இரட்டிப்பாக வைத்துக்கொள்வது நல்லது. காலை பத்து மணிக்கு டிபனை முடித்துக்கொண்டு கிளம்பினால் மேலே போகவே மாலை நான்கு ஆகிவிடும். மார்கழியில் ஆறு மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடுகிறது, மரத்தடிப் பாதையில் அதற்கு முன்பே மங்கல். சித்திரை, வைகாசியில் இருட்டுக்கு முன்னால் இடிமழை வந்துவிடும். விடிந்ததும் கிளம்புங்கள் என்று சொல்வது இதனால்தான்.

கணக்கைவிட முக்கியமானது வரிசை. அனுபவமில்லாத ஒரு குழு நடப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் அரை மணி நேரத்தில் நான்கைந்து பேர் விறுவிறுவென்று முன்னால் போய்விடுவார்கள். ஒரு பாறையைக் கண்டதும் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, போட்டோ எடுத்து, பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருப்பார்கள். பத்து நிமிடம் கழித்துக் கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும், 'எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்' என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவைப்படாதவர்களுக்குப் பத்து நிமிட ஓய்வு, தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. நான்கு இடத்தில் இப்படி நடந்தால் போதும், அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். கூச்சத்தில் அதை வெளியே சொல்லவும் மாட்டார். அவர் உட்கார்ந்த இடத்தில் மொத்தக் குழுவும் நின்றுவிடுகிறது. வேகமாக நடந்தவர்கள் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கே கரைந்துபோகிறது. மெதுவானவரை முன்னால் இரண்டாவது ஆளாக விட்டு, நன்றாக நடப்பவர் ஒருவரைக் கடைசியில் வைத்தால், எல்லோரும் பேசிக்கொண்டே ஏறுகிற வேகம் தானாக அமைந்துவிடும். பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

இறக்கம் சுலபம் என்ற நம்பிக்கை இன்னொரு பொறி. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடல் எடையைத் தாங்கியபடியே நீள வேண்டியிருக்கிறது. தசை இழைகளுக்கு அதிகச் சேதம் இதில்தான். வலி உடனே தெரியாது, மறுநாளில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். தளர்ந்த நாடா கட்டிய ஷூவில் விரல் முன்னால் போய் இடித்து நகம் கறுப்பதும் இறக்கத்தில்தான். கொல்லிமலை ஆகாய கங்கையில் ஏற்ற இறக்க வரிசையே தலைகீழாக இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் குதித்துக்கொண்டு அருவிக்கு இறங்குகிறவர்கள், குளித்து முடித்த பிறகுதான் ஏறவேண்டும் என்பதை உணர்கிறார்கள். களைத்த கால்களுக்குக் கடினமான பாதி மிச்சம் இருக்கிறது.

இந்தக் கணக்குக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நாமக்கல் பக்கம் நைனாமலைக்குப் புரட்டாசி சனிக்கிழமைகளில் வயதானவர்கள் ஆயிரக்கணக்கான படிகளை வெறுங்காலோடு ஏறுகிறார்களே, அவர்கள் எந்தக் கணக்கைப் பார்த்தார்கள்? சேர்வராயன் மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாலை வருவதற்கு முன்பு நடந்தே ஏறி இறங்கியவர்கள்தானே? உண்மைதான். ஆனால் நைனாமலை ஏறும் பாட்டியை யாரும் அவசரப்படுத்துவதில்லை. முடிகிறபோது ஏறுவார், முடியாதபோது படியில் உட்கார்வார். படி இருப்பதால் வழி தப்பாது, முன்னும் பின்னும் ஆட்கள் இருப்பார்கள். நான் கேட்கும் நடை அதுவேதான். மலையாளி மக்களுக்கு மலை தினசரிப் பழக்கம், நமக்கு அது ஆண்டுக்கு ஒருநாள். பக்தி இருந்தாலும் உடம்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு வெள்ளியங்கிரி சாட்சி. இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் ஏழு மலைகளையும் ஏற வேண்டாம் என்று வனத்துறை எச்சரித்தும், ஏறுகிற பருவத்தில் மரணச் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

தினமும் ஜிம்முக்குப் போகிற இளைஞனை ஏன் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்றும் கேட்கலாம். அவனுக்கும் இது தண்டனைதான், மறுக்கவில்லை. வேகமாக நடப்பவர்கள் நிறையப் பேர் இருந்தால் அடிவாரத்திலேயே இரண்டு குழுவாகப் பிரிந்து, குழுவுக்கொரு வழிகாட்டியோடு போகட்டும். பாதி வழியில், யாரும் தீர்மானிக்காமல், தானாகப் பிரிவதுதான் ஆபத்து. இமயமலைக்குப் போகிறவர்களுக்கு மெதுவாக ஏற வேறொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் காற்றழுத்தக் குறைவால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டினால் இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்களின் அறிவுரை. வலுவான உடம்புக்கு இதில் சலுகை கிடையாது. தமிழ்நாட்டின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்பதால், நம் மலைகளில் காற்றழுத்தம் பெரிய பிரச்சினை இல்லை. இங்கே வெயிலுக்கும் நேரத்துக்கும் தீக்கும்தான் பயப்பட வேண்டும்.

தீ என்றதும் குரங்கணி நினைவுக்கு வராமல் இருக்காது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கிப் பாயும் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்க முடியாது. அதே ஆண்டில் மாநில அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கி, எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்து 40 பாதைகளை இணையப் பதிவுக்குத் திறந்தது. கட்டணம் கூடுதல் என்ற முணுமுணுப்பு அப்போதே எழுந்தது. நான்கு பேர் குடும்பத்துக்கு அது பாரம்தான், அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் வழிகாட்டி எதற்கு என்று கேட்பதில் நியாயம் இல்லை. காட்டெருமை நிற்கும் வளைவும் மழைக்கு வழுக்கும் பாறையும் அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும். பிப்ரவரி நடுவில் இருந்து ஏப்ரல் நடுவரை, தீப்பருவத்தில், பாதைகளை மூடுவதும் சரியே. பள்ளித் தேர்வு முடிந்ததும் கிளம்பக் காத்திருக்கும் குடும்பங்களுக்கு அது எரிச்சலாக இருந்தாலும்.

பாதைகளை எளிது, கடினம் என்று வனத்துறை பிரித்துத் தந்துவிட்டது. உடன் வருபவர்களை அப்படிப் பிரித்துப் பார்க்க எந்த இணையதளமும் உதவாது. முதல் முறை போகிற குழு 'எளிது' என்ற வகையில் பதிவு செய்யட்டும். கிளம்புவதற்கு முந்தைய வாரம் எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து, முதுகில் பையோடு, ஏதாவது ஒரு படிக்கட்டில் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். யார் பின்தங்குகிறார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். மலைக்குப் போகும் நாளில் வழிகாட்டியிடம் முதலில் காட்ட வேண்டியது அவரைத்தான்.