நற்பெயரைக் காப்போம்

தேடிய பொருளினும் பெரியது தேடிய நற்பெயர். இன்று அது இணையத்திலும் உலவுகிறது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரப் பெரியவர்கள் பலர் தங்கள் முகநூல் கணக்கைப் பிறர் கையில் விட்டிருப்பதைக் காண்கிறேன். 1950ஆம் ஆண்டு மலேசியச் சாட்சியச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 114ஏ பிரிவை அவர்கள் அறிவது நலம். எவர் பெயரோ படமோ ஒரு கணக்கின் உரிமையாளராகக் காட்டுகிறதோ, அவரே அதிலுள்ளதை வெளியிட்டவர் எனச் சட்டம் கொள்ளும். 'நானல்ல' என நிரூபிப்பது அவர் பொறுப்பு.

ஆகவே, மறைச்சொல்லை எவருக்கும் கொடாதீர்கள். இருபடிச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். உங்கள் பெயரில் போலிக் கணக்கு தோன்றினால், முதலில் அதைப் படமெடுத்து வையுங்கள். அழிக்கப்பட்டபின் சான்று கிடைப்பது அரிது. பிறகு முகநூல் நிறுவனத்திடமும் காவல் நிலையத்திலும் புகார் செய்யுங்கள். நாம் காக்கும் பெயர் நம் பிள்ளைகளுக்கும் சொத்து.