மனதின் பாரத்தை இறக்கி வைக்கும் அறை



பிழைப்பின் நிமித்தம் சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர் கடந்து கொல்கத்தாவுக்கு வந்து குடியேறிய ஒரு சகோதரியை எண்ணிக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களாக உறக்கமில்லை, உணவில் ருசியில்லை. ஆராதனையில் கரங்களை உயர்த்துகிறார். உள்ளமோ வறண்டு கிடக்கிறது. பரிசோதித்த மருத்துவர், "சரீரத்தில் குறையில்லை, உளவியல் சிகிச்சை பெறுங்கள்" என்கிறார். அன்றிரவு அவருக்குள் மூன்று கேள்விகள் எழுகின்றன. நான் பைத்தியமா? என் விசுவாசம் குறைந்துவிட்டதா? அந்த அறையில் என்னை என்ன செய்வார்கள்?

நம்மில் பலர் வெளியே சொல்லாமல் சுமக்கும் கேள்விகள் இவை.

இந்நகருக்குப் புதிதல்ல

மனம் திறந்து பேசுவதன் மூலம் குணமளிக்கும் இம்முறை நம் தேசத்தில் வேரூன்றியது நாம் வாழும் இதே நகரில்தான். கிரீந்திரசேகர் போஸ் என்னும் வங்காள மருத்துவர் 1922ஆம் ஆண்டு இங்கே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். வியன்னாவில் இருந்த ஃபிராய்டுடன் பல ஆண்டுகள் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். அச்சங்கத்தின் முயற்சியால் 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையும் தோன்றியது.

"ஃபிராய்டு தேவனை நம்பாதவர் அல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் இன்று சிகிச்சை முறைகள் பல உள்ளன; எதிலும் விசுவாசத்தை விட்டுவிட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இங்கிருந்து ரயிலேறி எத்தனையோ பேர் வைத்தியத்துக்குச் செல்லும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, 1957இலேயே பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கேற்கும் முறைக்கு அது பெயர் பெற்றது.

சூரைச்செடியின் கீழ் சாக விரும்பிப் படுத்திருந்த எலியாவை நினைத்துப் பாருங்கள். தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. முதலில் உறக்கம், பிறகு அப்பமும் தண்ணீரும். ஓரேபிலே கேள்வி வந்தது. எலியா தம் மனக்குறையை ஒரு முறையல்ல, இரு முறை சொன்னார். இரு முறையும் அது கேட்கப்பட்டது.

முதல் சந்திப்பில் நடப்பது என்ன?

பெரும்பாலும் ஒரு சந்திப்பு 45 முதல் 50 நிமிடங்கள். வாரம் ஒரு முறை. முதல் நாளில் சிகிச்சையாளர் கேள்விகளே அதிகம் கேட்பார். இது எப்போது தொடங்கியது? உறக்கம், பசி, வேலை, குடும்பம் எப்படி? முன்பு நோய் உண்டா? மருந்து ஏதும் உட்கொள்கிறீர்களா? சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா? கடைசிக் கேள்வி உங்களைக் குற்றப்படுத்துவதற்கல்ல, உங்களைக் காப்பதற்கே, மறைக்காதீர்கள். பதில் சொல்ல இயலாதவற்றை, "இதை இன்னொரு நாள் சொல்கிறேன்" என்று ஒதுக்கி வைக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்களும் கேட்கலாம்: தங்கள் பயிற்சி என்ன? கட்டணம் எவ்வளவு? எத்தனை வாரங்கள் ஆகலாம்? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று விசாரியுங்கள். மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். உளவியலாளர் பேச்சின் வழியே உதவுபவர். சிலருக்கு இரண்டும் தேவைப்படும். உட்கொண்டு வரும் மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

இரகசியம் காக்கப்படுமா?

ஜெப விண்ணப்பமாகச் சொன்னது மறுவாரம் ஊர்ப்பேச்சாக மாறிய வேதனையை நம்மில் சிலர் அறிவோம். ஆகவே இந்த அச்சம் நியாயமானது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி, 2018இல் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை பெறுவோரின் இரகசியத்தை அது உரிமையாகவே உறுதி செய்கிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற சில நிலைகள் மட்டுமே விலக்கு. அவை எவை என்று முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எந்த மொழியில் அழுவது?

நம்மைப் போன்றோருக்கு இதுவே பெரிய தடை. கடைத்தெருவில் வங்காளமும் அலுவலகத்தில் இந்தியும் போதும். தாயின் மரணத்தைப் பற்றிப் பேச அவை போதா. தமிழ் அறிந்தவர் உண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இல்லையெனில் தமிழகத்திலுள்ள ஒருவரிடம் காணொளி வழியே பேச இயலுமா என விசாரியுங்கள். மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். அந்தச் சுமை அவர்களுக்குரியதல்ல. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலும் பேசலாம். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால் அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் உடனே அந்த எண்ணை அழையுங்கள். அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

அவசரப்படாதீர்கள்

முதல் சில வாரங்களில் மனம் முன்னிலும் கனப்பது உண்டு. மூடி வைத்த காயம் திறக்கப்படுகிறதே! அதைக் கண்டு திகைத்து நின்றுவிடாமல், அதையே சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள். சில முறைகளில் வீட்டுப்பாடமும் உண்டு; எந்த வேளையில் எந்த எண்ணம் வந்தது என்று குறிப்பெழுதுவது போன்றது. பல வாரங்கள் சென்றும் பயனில்லை என்று தோன்றினால் வேறொருவரிடம் செல்லலாம். உங்கள் விசுவாசத்தை இகழ்பவரிடமும், வரம்பு மீறி நெருங்குபவரிடமும் ஒரு நாளும் தொடர வேண்டாம்.

சபையாருக்கு ஒரு வார்த்தை. சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்ளும் சகோதரனை நாம் அவிசுவாசி என்பதில்லை. மனம் நொந்து சிகிச்சைக்குச் செல்லும் சகோதரியையும் அவ்விதமே நடத்துவோமாக. அவருக்காக ஜெபிப்போம், அவர் சென்று திரும்பும் அந்த ஒரு மணி நேரம் அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வோம், எங்கே போனார் என்று யாரும் கேட்டால் மௌனமாயிருப்போம்.