கார்பன் புள்ளிகள்

கார்பன் புள்ளிகள் என்பவை பொதுவாக 10 நானோமீட்டருக்கும் குறைவான விட்டமுடைய, ஒளிரும் தன்மை கொண்ட கார்பன் துகள்கள் ஆகும். ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சம் நானோமீட்டர்கள் அடங்கும். இவை புற ஊதா அல்லது நீல ஒளியை உட்கவர்ந்து, அதைவிட நீண்ட அலைநீளமுடைய ஒளியை உமிழ்கின்றன. இப்பண்பு உடனொளிர்வு எனப்படும். உயிருள்ள செல்களைப் படமெடுக்க இவை பயன்படுகின்றன.

தேவை

பெரும்பாலான செல்கள் நிறமற்றவை. ஆகவே நுண்ணோக்கியில் தெளிவாகக் காண ஒளிரும் சாயம் ஏற்றப்படுகிறது. சாயங்கள் பல, தொடர்ந்து ஒளி படும்போது சிதைந்து மங்கிவிடுகின்றன. காட்மியம் கலந்த குவாண்டம் புள்ளிகள் எளிதில் மங்குவதில்லை. ஆனால் காட்மியம் அயனிகள் கசிந்தால் செல்லுக்கு நஞ்சாகும். பார்க்க வேண்டிய செல்லையே கொன்றுவிடும் பொருளால் பயனில்லை. எனவே கார்பன் புள்ளிகள் கவனம் பெற்றன.

கண்டுபிடிப்பு

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போது, ஒளிரும் துகள்கள் தற்செயலாகக் கிடைத்தன. 2006-இல் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவற்றைக் 'கார்பன் புள்ளிகள்' என்று குறிப்பிட்டனர்.

தயாரிப்பு

2012-இல் இந்திய ஆய்வாளர்கள் ஆரஞ்சுப் பழச்சாற்றிலிருந்து இவற்றைத் தயாரித்தனர். பழச்சாற்றுடன் எத்தனால் சேர்த்து, மூடிய கலத்தில் 120 பாகை செல்சியசில் சூடாக்கினர். சாற்றிலுள்ள சர்க்கரைகளும் அமிலங்களும் நீரை இழந்து, ஒன்றோடொன்று இணைந்து கார்பன் துகள்களாகின்றன. பின்னர் மைய விலக்கு முறையில் பெரிய துகள்கள் நீக்கப்படுகின்றன. துகளின் மேற்பரப்பில் எஞ்சும் ஹைட்ராக்சில், கார்பாக்சில் தொகுதிகளால் இவை நீரில் நன்கு கலக்கின்றன. உட்கவரப்பட்ட ஒவ்வொரு 100 ஒளித்துகள்களுக்கும் 26 உமிழப்பட்டன. மனித எலும்புப் புற்றுநோய்ச் செல்களுக்குள் இவை புகுந்து ஒளிர்ந்தன.

சிக்கல் உள்ளிட்ட இராமநாதபுரம் மாவட்ட ஊர்களில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் இலையிலிருந்தும் கார்பன் புள்ளிகள் தயாரிக்கப்பட்டு, நீரிலுள்ள பாதரசத்தைக் கண்டறியப் பயன்படுத்தப்பட்டுள்ளன.

உயிர்ப்பொருத்தம்

இயற்கைப் பொருளிலிருந்து செய்யப்பட்டது என்பதால் மட்டும் ஒரு துகள் தீங்கற்றதாகிவிடாது. வெவ்வேறு செறிவுகளில் துகள்களைச் செல்களுடன் வைத்து, பின் மஞ்சள் நிற எம்.டி.டி. வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறமாக மாற்றும். நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு எத்தனை விழுக்காடு செல்கள் பிழைத்துள்ளன என்று கணக்கிடலாம்.

வரம்புகள்

புற ஊதா ஒளி செல்லுக்குத் தீங்கு விளைவிக்கும். திசுக்களில் ஆழமாக ஊடுருவவும் செய்யாது. ஆதலால் சிவப்பு ஒளியில் செயற்படும் கார்பன் புள்ளிகளை உருவாக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன.